காதுக்குள் பேசிய பங்குச்சந்தை

‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல வராத ஆள் நான். சிலருக்குக் கணக்கு வராது, சிலருக்கு நீச்சல் வராது, எனக்கு அந்த இரண்டு வார்த்தை வராது. ஒருமுறை ஸ்ரீமுஷ்ணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு பெரியவர் குடும்பத்தோடு வந்து கோயிலுக்கு வழி கேட்டார். நானே அன்றைக்குத்தான் அந்த ஊரை முதன்முதலாகப் பார்க்கிறேன். ஆனாலும் கையை நீட்டி, "நேராப் போயி லெஃப்ட்ல ஒடிச்சீங்கன்னா ஒரு அரச மரம் வரும்" என்று சொல்லி அனுப்பினேன். (அரச மரம் இல்லாத ஊர் உண்டா என்ன?) கொஞ்ச நேரத்தில் அந்தக் குடும்பம் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வருவதைப் பார்த்ததும், பக்கத்தில் இருந்த சலூனுக்குள் புகுந்து, தேவையே இல்லாமல் முடிவெட்டிக்கொண்டேன்.

இந்தக் குறையை வைத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தலாம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பல வருஷமாக நடத்துகிறேன். என் கடைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இதுவரை யாரும் கெடிலம் ஆற்றில் விழுந்ததில்லை. ஆனால் இந்தக் குறையோடு பங்குச்சந்தையைப் பற்றிப் பேசக் கூடாது. அதுவும் மாமியார் வீட்டு ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிற பிரியாணிப் பந்தியில் பேசவே கூடாது. நான் பேசினேன்.

முதலில் என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அருள்ராஜ், என் மனைவி ஸ்டெல்லாவின் அண்ணன். சிதம்பரத்தில் பெயின்ட், பைப் விற்கும் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். எங்கள் குடும்பத்தின் ஷேர் மார்க்கெட் நிபுணரும் அவர்தான். அந்தப் பதவியை யார் கொடுத்தார்கள் என்று யாருக்கும் ஞாபகமில்லை. கல்யாணமோ கருமாதியோ, சாப்பிட்டு முடித்ததும் நாற்காலியைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, "மார்க்கெட் இப்ப ஒரு எடத்துல வந்து நிக்குது மாப்ள" என்பார். எந்த இடம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

அவரைப் பார்த்துத்தான் நானும் ரகசியமாக ஷேர் வாங்க ஆரம்பித்தேன். கடையில் ஆள் இல்லாத மத்தியான வேளையில் போனைத் திறந்து வாங்குவேன், விற்பேன். பச்சையும் சிவப்புமாக எண்கள் ஓடும். எனக்குப் புரிந்தது நிறம் மட்டும்தான். பச்சை தெரிந்தால் டீ சொல்லுவேன். சிவப்பு தெரிந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஏற்கெனவே துடைத்த கண்ணாடிகளை மறுபடியும் துடைப்பேன்.

அந்த ஆப்பில் ஒருநாள் ஏஐ உதவியாளர் என்று புதிதாக ஒன்று வந்து உட்கார்ந்தது. சந்தை நிலவரத்தையும் நம் முதலீட்டையும் சுருக்கிச் சொல்லுமாம். பாண்டிச்சேரியில் காலேஜ் படிக்கிற என் மகள் ஜெனிபர்தான் அதைத் தமிழில் பேசும்படி மாற்றிக் கொடுத்தாள். "வாயாலயே கேளுப்பா, அது வாயாலயே பதில் சொல்லும்" என்றாள்.

எங்கள் தொழிலில் ஒரு அழகான நேரம் உண்டு. கிட்டப்பார்வை உள்ள பிள்ளைக்கு முதல் கண்ணாடியை மாட்டிவிட்டு, கடை வாசலுக்குக் கூட்டிவந்து எதிரே இருக்கிற வேப்ப மரத்தைப் பார்க்கச் சொல்வேன். அதுவரைக்கும் பச்சையாக ஒரு மூட்டை போலத் தெரிந்த மரம், இலை இலையாகப் பிரிந்து நிற்கும். சில பிள்ளைகள் கத்தும். சில பிள்ளைகள் வாயைத் திறந்தபடி அப்படியே நிற்கும். அந்த உதவியாளரிடம் முதன்முதலாகப் பேசிய மத்தியானம் நானும் அப்படித்தான் நின்றேன். கச்சா எண்ணெய் விலை ஏறினால் பெயின்ட் கம்பெனிக்கு ஏன் வலிக்கிறது, மழை தள்ளிப் போனால் டிராக்டர் கம்பெனி ஏன் முகம் சுளிக்கிறது, வெளிநாட்டுக்காரன் பணத்தை எடுத்தால் நம் ஊர் பேங்க் ஷேர் ஏன் படுக்கிறது என்று, ஒரு பெண்குரல் அவசரமே இல்லாமல் இலை இலையாகப் பிரித்துக் காட்டியது. எங்கோ ஒரு கம்பெனியின் நூறு பக்கக் காகிதத்தை ஒரு மூச்சில் படித்து, மஞ்சக்குப்பத்துக் கண்ணாடிக்கடைக்காரனுக்குப் புரிகிற மாதிரி மூன்று வாக்கியத்தில் சொல்கிறது! மயிர்க்கூச்செறிந்தது. சத்தியமாக, கையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

ஒவ்வொரு முறையும் கடைசியில் அது மரியாதையாகக் கேட்கும்: "உங்கள் போர்ட்ஃபோலியோவைச் சுருக்கிச் சொல்லட்டுமா?" நான் வாங்கி வைத்திருக்கிற மொத்தத்தையும்தான் அது அப்படிச் சொல்கிறது. "அது வேணாம்மா, நீ உலகத்த பத்திச் சொல்லு" என்பேன். என் கணக்கின் நிறம் எனக்குத் தெரியும்.

இந்த நிலையில் மச்சான் மகனுக்குப் புது நன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள், விருந்து வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிதம்பரத்தில் காலையில் பூசை, மத்தியானம் மச்சான் வீட்டு மொட்டை மாடியில் பந்தல் போட்டுப் பிரியாணி.

பஸ் ஆலப்பாக்கம் தாண்டும்போது ஸ்டெல்லா விஷயத்தை எடுத்தாள். என் மாமியார் லூர்துமேரிக்கு பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு மனை இருந்தது. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்த காலத்தில் அவராகச் சம்பாதித்து வாங்கியது. ரோடு அகலப்படுத்த அதை எடுத்துக்கொண்டு பணம் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பணம் மொத்தத்தையும் ஒரே ஒரு கம்பெனி ஷேரில் போடச் சொல்லி மச்சான் அம்மாவைச் சுற்றிச் சுற்றி வருகிறாராம். இன்றைக்கு எல்லாரும் கூடியிருக்கும்போது பேசி முடித்துவிடுவதாகத் திட்டம்.

"எங்கண்ணன் பேச ஆரம்பிச்சா அம்மா சரி சரின்னு தலையாட்டிடும்" என்றாள் ஸ்டெல்லா. "நீங்களும் ஏதோ ஷேரு கீருன்னு போனைப் பாத்துக்கிட்டே இருக்கீங்களே, உருப்படியா ரெண்டு வார்த்த சொல்லுங்க. தெரியலன்னா பேசாம இருந்துடுங்க."

தெரியலன்னா! அந்த வார்த்தைதான் என்னைக் கிளப்பிவிட்டது. பி.முட்லூர் வருவதற்குள் என் மனதில் திட்டம் தயாராகிவிட்டது.

மகளுடைய இயர்பட் ஒன்று என் பையில் இருந்தது. மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்கும். பந்திக்குக் கொஞ்சம் முன்னால், யாரும் பார்க்காத நேரத்தில், அதை வலது காதில் செருகி, அதன்மேல் முடியை இழுத்துவிட்டேன். (முடி இருந்த காலம் அது.) போனில் உதவியாளரைப் பேச்சு முறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். யார் என்ன கேட்டாலும் அதன் காதில் விழும். அது என் காதில் பதில் சொல்லும். நான் வாயைத் திறந்தால் போதும். இந்த உலகத்தில் இத்தனை சுலபமாக ஒருத்தன் அறிவாளியானது கிடையாது.

பந்தி போட்டார்கள். நான், எதிரே மச்சான், அவர் பக்கத்தில் மாமியார், என் இடப்பக்கம் ஸ்டெல்லா, அவளுக்கு அடுத்து ஜெனிபர். என் வலப்பக்கம் சின்ன மாமா. மாமனாரின் தம்பி அவர். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். மெஷின் சத்தத்திலேயே இருந்து காது மந்தமாகிவிட்டது. பாதி விழும், மீதியை அவரே போட்டு நிரப்பிக்கொள்வார்.

மச்சான் முதல் வாய் சாப்பிட்டதுமே ஆரம்பித்தார். "மார்க்கெட் இப்ப ஒரு எடத்துல வந்து நிக்குது."

"சந்தை நிலவரம் எப்படி?" என்று நான் கேட்டேன், கேட்கிற மாதிரி. காதுக்குள் குரல் வந்தது. நான் ஒரு கையை லேசாகத் தூக்கி, கண்ணைப் பாதி மூடி, அது சொல்லச் சொல்ல ஒப்பித்தேன்.

"இன்று ஞாயிற்றுக்கிழமை. சந்தைக்கு விடுமுறை."

பந்தி அமைதியானது. இதை ஒருவர் இத்தனை கம்பீரமாகச் சொல்லி அவர்கள் கேட்டதில்லை.

"எனினும், கடந்த வாரம் பங்குச்சந்தை கடும் தடுமாற்றத்தில் இருந்தது."

"யாரு, நம்ம பங்குத்தந்தையா?" சின்ன மாமா பதறிவிட்டார். "காலைல பூசையில நல்லாத்தானே நின்னாரு?"

"முதல் இரண்டு நாட்கள் மேலே சென்று, வாரக் கடைசியில் கீழே விழுந்தது" என்றேன். என்னால் நிறுத்த முடியாது. காதுக்குள் அடுத்த வாக்கியம் வந்துகொண்டிருக்கிறது.

"மாடிப்படியிலயா?"

"சந்த சித்தப்பா, சந்த! ஷேர் மார்க்கெட்டு!" என்று ஸ்டெல்லா என்னைத் தாண்டி அவர் காதுப்பக்கம் குனிந்து கத்த வேண்டியிருந்தது. ஆனால் அவள் முகத்தில் ஒரு புது வெளிச்சம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் ‘எனினும்’ என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. ஜெனிபர் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

நான் வட்டி விகிதத்துக்குப் போனேன். அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போனேன். அங்கிருந்து கச்சா எண்ணெய். பரிமாறிக்கொண்டிருந்த ஆட்கள்கூடக் கரண்டியோடு நின்றுவிட்டார்கள். எனக்கே பிரமிப்பாக இருந்தது. என் வாயிலிருந்து வருவதை நானே முதல்தடவையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் பாருங்கள், கேட்கக் கேட்க எனக்கு என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. மச்சான் நாற்காலியை நிமிர்த்திக்கொண்டார்.

இடையில் ஒரு சின்ன சறுக்கல். மச்சானின் மனைவி பின்னால் வந்து, "பிரியாணி இன்னும் கொஞ்சம் வெக்கட்டுமா?" என்று கேட்டார். அதுவும் உதவியாளரின் காதில் விழுந்துவிட்டது. "மன்னிக்கவும், பிரியாணியைப் பற்றிச் சொல்லும்படியாக எதுவும் இல்லை" என்றேன் நான், அதே கம்பீரத்தோடு. பாவம், அந்த அக்கா முகம் வாடிப் போய்விட்டது. விடியலிலிருந்து அடுப்படியில் நின்றவர்.

"அவரு அப்படித்தான், யோசனையில இருப்பாரு. வையுங்க அண்ணி" என்று ஸ்டெல்லா எனக்குப் பரிந்து பேசினாள். பரிந்து பேசினாள்! அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் இன்னும் பத்து பேர் முன்னால் அவமானப்படத் தயார். (பட்டது அதைவிட ஜாஸ்தி.)

மச்சானுக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷமாக அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி அது. சிரித்துக்கொண்டே, ஆனால் சிரிப்பே இல்லாத குரலில் கேட்டார்: "அமெரிக்காவ வுடு மாப்ள. என் போர்ட்ஃபோலியோ எப்படி இருக்கு, சொல்லு பாப்போம்!"

நான் மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். மச்சானின் கணக்கு அதற்கு எப்படித் தெரியும்? ஆனால் காதுக்குள் குரல் ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை. "நிச்சயமாக" என்றது.

அடேயப்பா என்று உள்ளுக்குள் சிலிர்த்துப் போனேன். மச்சான் கணக்குகூடத் தெரிகிறதே! இதற்குத் தெரியாதது ஒன்றும் இல்லையா? அந்த வியப்பிலேயே மச்சானின் கண்ணை நேராகப் பார்த்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

"உங்கள் முதலீட்டின் பெரும்பகுதி ஒரே ஒரு நிறுவனத்தில் முடங்கியிருக்கிறது."

மச்சானின் கையில் இருந்த எலும்பு இலையில் விழுந்தது.

"அந்தப் பங்கை, விலை உச்சத்தில் இருந்தபோது வாங்கியிருக்கிறீர்கள். இறங்க இறங்க மேலும் மேலும் வாங்கியிருக்கிறீர்கள்."

"யாரு... யாரு சொன்னது உனக்கு?" என்றார் மச்சான்.

நான் பதில் சொல்லவில்லை. அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருந்தேன். அந்த மௌனத்தை அவர் வேறு மாதிரி புரிந்துகொண்டார். ஒருத்தன் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, எல்லாம் தெரிந்தவன் மாதிரி பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் தாங்கும்?

"சரிடா, ஆமா!" என்று வெடித்துவிட்டார். "எல்லாத்தையும் அந்த ஒரு கம்பெனியிலதான் போட்டேன். பாதிக்குப் பாதி போயிடுச்சி. அம்மா பணத்தையும் அதுலயே போட்டா சராசரி வெல கொறையும், கொஞ்சம் ஏறினாலே நான் தப்பிச்சிடலாம்னு பாத்தேன். அம்மா பணத்த நான் தின்னுடுவனா? திருப்பிக் குடுத்துருப்பேன்."

 மச்சானின் மனைவி பிரியாணித் தட்டைக் கீழே வைத்தார். "என்கிட்ட கடைக்குச் சரக்கு எடுக்கறன்னு சொன்னியே, அந்தப் பணமுமா?" என்றார். மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். மாமியார் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். 

 ஒரு இயந்திரம், கடலூர் ஆள் ஒருவனின் சட்டைப் பைக்குள் இருந்துகொண்டு, சிதம்பரத்து ஆள் ஒருவரின் நெஞ்சுக்குள் இருந்ததை எடுத்துப் பந்தியில் பரப்பிவிட்டதே! அந்தப் பிரமிப்பில் வாயை மூட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. காதில் குரல் தொடர்ந்தது. வாய் தன் பாட்டுக்குப் பின்னாலேயே போனது.

"மேலும், ‘ஜெனிபர் படிப்பு’ என்ற பெயரில் மாதந்தோறும் செலுத்தி வந்த முதலீட்டை நிறுத்திவிட்டு, சேர்ந்த தொகையையும் எடுத்து இதே நிறுவனத்தில்..."

அந்த வீட்டில் ஜெனிபர் ஒருத்திதான். ஸ்டெல்லாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. முடிக்காமல் விட்டதில் ஒரு பிரயோசனமும் இல்லை. மச்சான் ‘என் போர்ட்ஃபோலியோ’ என்றார். என் காதுக்குள் பேசிய பொண்ணுக்கு ‘என்’ என்றால் நான்தானே? போன் என்னுடையது, கணக்கு என்னுடையது. மச்சானும் நானும் ஒரே கம்பெனியை, ஒரே மடத்தனத்தோடு, ஒருவருக்கொருவர் சொல்லாமல் வாங்கி வைத்திருந்தோம். (அந்தக் கம்பெனி ஷேரைப் பற்றி அவர் ஒரு கருமாதி வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னதைக் கேட்டுத்தான் நான் வாங்கினேன். கூட்டிக் கழித்துப் பார்த்தால் நியாயம்தான்.)

"என்னங்க?" என்றாள் ஸ்டெல்லா. மிகவும் மெதுவாகக் கேட்டாள். அவள் மெதுவாகக் கேட்டால் விஷயம் பெரிது.

ஜெனிபர் எழுந்து வந்தாள். குனிந்து, என் முடியை விலக்கி, இயர்பட்டைக் கழற்றி எடுத்தாள். அதை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். "இதுதான் எங்கப்பா" என்றாள்.

முதலில் சிரித்தவர் சின்ன மாமா. நடந்தது அவருக்கு எந்த அளவுக்குப் புரிந்தது என்று தெரியாது. "காது மிஷினா? இந்த வயசுலயே எனக்குத் துணைக்கு ஆள் வந்தாச்சி" என்றார். அதற்குப் பிறகு பந்தி முழுக்கச் சிரிப்பு. மச்சான்கூட, கண்ணைத் துடைத்துக்கொண்டே, சிரித்துவிட்டார். சிரிக்காதவர்கள் இரண்டே பேர்: என் மனைவி, அவர் மனைவி.

அப்போதுதான் மாமியார் எழுந்து கை கழுவிக்கொண்டு வந்தார். முந்தானையில் கையைத் துடைத்தபடி, "மாப்ள, அந்தப் பொண்ண என்கிட்ட குடுங்க" என்றார்.

"எந்தப் பொண்ணு அத்த?"

"உங்க காதுக்குள்ள இருந்துச்சே, அந்தப் பொண்ணு."

போனைக் கொடுத்தேன். ஜெனிபர் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டாள். மாமியார் அதை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, வார்டில் புது நர்ஸிடம் பேசுகிற குரலில் பேசினார். "யம்மா, நான் லூர்துமேரி பேசறேன். இந்த போனு என் மருமவனோடது. என்கிட்ட மனைக்கு வந்த பணம் கொஞ்சம் இருக்குது. பையன் ஒண்ணு சொல்றான். மருமவன் என்ன சொல்றாருன்னு அவருக்கே தெரியல. எதுல போடட்டும்?"

"வணக்கம் லூர்துமேரி அம்மா" என்றது அது. "அதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்று கேட்டுக்கொள்ளட்டுமா? இந்தப் பணம் உங்களுக்கு எதற்காக வேண்டும்? எப்போது வேண்டும்?"

மாமியார் கையைச் சற்று இறக்கினார். போனைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"பணம் வந்ததுலேருந்து இத யாருமே கேக்கல" என்றார்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அதற்கு முன்னால் அது சொன்ன அமெரிக்காவும் கச்சா எண்ணெயும் என்னை அசத்தியது உண்மைதான். ஆனால் அன்றைக்கு நான் மலைத்து நின்றது இந்தக் கேள்விக்குத்தான். மச்சான் அம்மாவைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஸ்டெல்லா அம்மாவுக்காகக் கவலைப்பட்டாள். நான் அம்மாவுக்காகக் காதில் மிஷின் மாட்டினேன். எங்களில் ஒருத்தர் வாயிலும் இந்த ஒரு கேள்வி வரவில்லை. முகம் இல்லாத, உறவு இல்லாத ஒன்று, முதல் வார்த்தையாக அதைக் கேட்கிறது.

"கார் வாங்கணும்" என்றார் மாமியார்.

"யாருக்குமா?" என்றார் மச்சான்.

"எனக்குத்தான். நானே ஓட்டணும்." போனிடம்தான் சொன்னார், எங்களிடம் அல்ல. "டூட்டிக்குப் போகயில எல்லாம் பஸ் ஸ்டாண்டுல நின்னு நின்னே என் காலம் போயிடுச்சிம்மா. ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒருத்தங்க தானே ஓட்டிக்கினு வருவாங்க. சாவியச் சுத்திக்கினே உள்ள வருவாங்க. அத பாத்துக்கினே இருப்பேன். இப்ப எங்கனா போகணும்னா பையன் கடைய மூடணும், இல்ல மருமவன் வரணும். சின்னக் காரு போதும். பழசா இருந்தாக்கூடப் பரவால்ல."

யாரும் சிரிக்கவில்லை. ஸ்டெல்லா கையைக் கழுவாமலே போய் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டாள்.

அது சொன்ன பதிலை இப்போதும் ஏறக்குறைய அப்படியே சொல்ல முடியும். சில மாதங்களில் செலவழிக்கப்போகிற பணத்தைப் பங்குகளில் போடுவது பொருத்தமாக இருக்காது. விலை இறங்கியிருக்கும் நேரத்தில் விற்க வேண்டி வரலாம். காருக்கு வேண்டியதைத் தனியாகப் பேங்கில் வைத்துக்கொள்ளுங்கள். மீதியைப் பற்றி முடிவெடுக்கும் முன், பதிவுபெற்ற ஆலோசகர் ஒருவரிடம் நேரில் பேசிவிடுங்கள். நான் தவறாகவும் புரிந்துகொண்டிருக்கலாம். அவ்வளவுதான். ‘தவறாகவும் புரிந்துகொண்டிருக்கலாம்!’ உலகத்து விவரம் எல்லாம் கையில் வைத்திருக்கிற ஒன்று அதைக் கூச்சமில்லாமல் சொல்கிறது. ஒரு ஷேரின் பெயரைத் தவிர ஒன்றும் தெரியாத நானும் மச்சானும் தலையைக் குனிந்து குளிர்ந்த பிரியாணியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நல்ல பொண்ணு" என்று சொல்லி மாமியார் போனைத் திருப்பிக் கொடுத்தார். "சாப்பிடுங்க எல்லாரும். ஆறிப் போவுது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. அதைத் தவிர எனக்குச் சாதகமாக ஒன்றும் இல்லை. ஸ்டெல்லா முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஜெனிபர்தான் என் பக்கத்தில் இருந்தாள். புதுச்சத்திரம்வரை இயர்பட்டை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே வந்தாள். பிறகு, "வீட்லயே சொல்லியிருக்கலாம்லப்பா" என்றாள். "அடுத்த வருஷ ஃபீசுதானே. லோன் கேட்டுப் பாக்கலாம். நீ சொல்லாததுதான் எனக்கு..." என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்தாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேரையும் உட்காரவைத்து, எதை எப்போது எடுத்தேன், எங்கே போட்டேன், எத்தனை போயிற்று என்று முதல்தடவையாக முழுசாகச் சொன்னேன். ஸ்டெல்லா குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு கையை நீட்டி, "பாஸ்வேர்டு" என்றாள். அன்றோடு என் கணக்கு அவள் கைக்குப் போனது. மறுநாள் அந்தப் பொண்ணிடம் அவள் கேட்ட முதல் விஷயம், நான் ஒருநாளும் கேட்காத விஷயம்: "எங்க போர்ட்ஃபோலியோ எப்படி இருக்கு, ஒண்ணும் மறைக்காம சொல்லு." அது சொன்னதைக் கேட்டுக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கம்பெனியிலிருந்து எங்களை வெளியே இழுத்தாள். நஷ்டம் நஷ்டம்தான். ஆனால் ஜெனிபரின் ஃபீஸ் நேரத்துக்குக் கட்டினோம். சிதம்பரத்திலும் கிட்டத்தட்ட இதே ஆட்சி மாற்றம் நடந்ததாகக் கேள்வி.

மாமியார் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். சொல்லிக்கொடுத்த பையன் முதல் வாரம் பிரேக்கிலேயே கால் வைத்திருந்தானாம். அடுத்த வாரம் ஜெபமாலை வாங்கிக்கொண்டானாம். இரண்டாவது தடவை டெஸ்டில் பாஸ் பண்ணிவிட்டார். வெள்ளை நிறத்தில் பழைய சின்னக் கார் ஒன்று இப்போது மச்சான் வீட்டு வாசலில் நிற்கிறது. சாவியைச் சுற்றிக்கொண்டேதான் உள்ளே வருகிறார்.

எங்கள் குடும்பத்தில் இப்போது யாரும் யாருக்கும் நிம்மதியாகப் புத்தி சொல்ல முடிவதில்லை. மச்சான் கணக்கென்று நினைத்து என் கணக்கையே நான் ஒப்பித்த நாளிலிருந்து, சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: "இது யாரோட கணக்கு?" காலையில் நேரத்தோடு எழு என்று நான் ஜெனிபரிடம் சொன்னால் வரும். சர்க்கரையைக் குறையுங்கள் என்று மச்சான் சின்ன மாமாவிடம் சொன்னால் வரும். மச்சானின் மகன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடமே கேட்டுவிட்டு முட்டி போட்டிருக்கிறான்.

போன மாசம் மாதா திருவிழாவுக்கு வேளாங்கண்ணி போனோம். மாமியார்தான் ஓட்டினார். நான் முன் சீட்டில், மச்சான், அவர் மனைவி, ஸ்டெல்லா மூன்று பேரும் பின்னால். கொள்ளிடம் பாலத்தில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். மச்சான் போனை மடியில் வைத்து மறைத்துக்கொண்டு ஷேர் விலை பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னா மச்சான், இன்னும் திருந்தலயா? சும்மா சும்மா வெலயப் பாத்துக்கிட்டே இருக்கறது ஒரு வியாதி தெரியுமா? குடும்பத்தோட கோயிலுக்குப் போறோம், கொஞ்ச நேரம் அத மறந்துட்டு ஆத்தப் பாத்துக்கினு வாங்களேன்!"

மாமியார் முகத்தை ரோட்டிலிருந்து திருப்பவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே, என் மடியை மட்டும் ஓரக்கண்ணால் ஒருமுறை பார்த்தார்.

"மாப்ள, இது யாரோட கணக்கு?"

 என் மடியில் பச்சையும் சிவப்புமாக ஓடிக்கொண்டிருந்த போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கொள்ளிடத்தைப் பார்க்க ஆரம்பித்தேன்.